பாடூ: பத்தாவது பிள்ளையின் பெயர்

கானா நாட்டு அகான் மக்களிடம் 'பாடூ' என்றொரு பெயர் உண்டு. 'பா' பிள்ளை, 'டூ' பத்து. பத்தாவதாகப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது. பிறந்த கிழமையின் பெயர் இதற்கு முன்னால் வரும்: கோஃபி பாடூ என்றால் வெள்ளிக்கிழமை பத்தாவது பிள்ளையாகப் பிறந்த பையன். ஒன்பதாவது பிள்ளைக்கு 'என்க்ருமா'.

அகான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தேக்களின் ஊர்களில் பத்துப் பெற்ற தாயை ஊரறியச் சிறப்பித்த வழக்கம் இருந்தது. அந்த மதிப்பு பிள்ளையின் பெயரிலும் ஏறி நிற்பதுதான் இதன் அழகு.

இன்று பத்தாவது பிள்ளை என்பதே அரிது. 1988இல் கானாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6.4 பிள்ளைகள், 2022இல் 3.9. ஆனாலும் பாடூ என்ற பெயர் அங்கே அடிக்கடி காதில் விழும், பெரும்பாலும் குடும்பப் பெயராக. ஆங்கிலப் பள்ளிகளும் பதிவேடுகளும் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டன. தாத்தா பத்தாவது பிள்ளையாக இருந்திருக்கலாம், பேரன் தலைப்பிள்ளையாக இருப்பான்.

இதைக் கவனிக்காமல்தான் பலர் தவறுகிறார்கள். ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அட்டா அனான் பெயரில் 'அனான்' நான்காவது பிள்ளையைக் குறிக்கும் என்று எழுதுகிறார்கள். அது அவர் தந்தையின் குடும்பப் பெயர். அவர் பிறப்பைச் சொல்பவை மற்ற இரண்டும்தான்: 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமை, அதனால் கோஃபி, இரட்டையரில் ஒருவர், அதனால் அட்டா.

அமெரிக்கப் பாடகி எரிக்கா பாடூவை வைத்தும் இந்தப் பெயரின் பரவலை அளக்க வேண்டாம். ஜாஸ் பாட்டில் பொருளில்லாமல் பாடும் ஓர் ஒலியாக அவரே சூடிக்கொண்டது அது.