ஆல்டர்னேட்டர் சத்தமும் பெல்ட் மாற்றமும்

இன்ஜினை இயக்கியவுடன் கீச்சென்று எழுந்து, முகப்பு விளக்கைப் போட்டதும் கூடுகிற சத்தம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரை, அதாவது பேட்டரிக்கு மின்னேற்றும் கருவியை, சுழற்றும் பெல்ட் வழுக்குவதன் அறிகுறி; இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமல் என்றால் ஆல்டர்னேட்டரின் பேரிங்கையே முதலில் சந்தேகிப்பேன். என் காரில் கேட்டது கீச்சொலி என்பதால், தள்ளி நின்று, ஓடும் பெல்ட்டின் வரிகள் (நீளவாக்கில் ஓடும் மேடுகள்) மீது சிறிது தண்ணீர் தெளித்தேன். சத்தம் அடங்கினால் புல்லிகள் (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்கள்) நேர்க்கோட்டில் இல்லை என்றும், அதிகரித்தால் இழுவிசை போதவில்லை என்றும் கொள்ளலாம், எனக்கு அதிகரித்தது.

இன்ஜினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, பெல்ட் செல்லும் பாதையைப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை ஸ்பேனரால் தளர்த்திப் பெல்ட்டை எடுத்தேன். ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுற்றியபோது சொரசொரப்போ ஆட்டமோ தெரியவில்லை. டென்ஷனரின் ஸ்பிரிங்கும் உறுதியாகவே இருந்தது. பழைய பெல்ட்டில் வெடிப்பே இல்லை, ஆனால் வரிகளின் ஓரம் கண்ணாடிபோல் மின்னியது. இக்கால பெல்ட்டுகளில் உள்ள இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் வெடிக்காமலே தேயக்கூடியது என்பதால், வெடிப்பு இல்லையென்று பெல்ட்டை நம்பிவிடுவது சரியல்ல.

புதிய பெல்ட்டின் ஒவ்வொரு வரியும் புல்லியின் பள்ளத்தில் அமர்ந்திருப்பதை விரலால் தடவி உறுதிசெய்வது மிக அவசியம். ஒரு வரி விலகினாலும் பெல்ட் விரைவில் கிழிந்துவிடும். பொருத்தி முடித்து இன்ஜினை ஓடவிட்டபோது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் 14.2 வோல்ட் காட்டியது; மின்னேற்றம் சரியாக நடக்கிறது என்பதற்கு அது அடையாளம்.