மணிக்கு 2 வெள்ளி கொடுத்து ஆடியவர்களின் கருத்து

கடந்த மாதம் என் பெரியம்மா மகளின் திருமணத்துக்காக மலேசியாவில் உள்ள எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போயிருந்தேன். 2007இல் ஊரின் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள் என்றாலும், சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. பந்தி முடிந்து மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது, என் அக்கா மகன் கைத்தொலைபேசியில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆடிக்கொண்டிருந்தான்; ரூன்ஸ்கேப் என்ற இணைய ஆட்டத்தின் பழைய வடிவம் அது. 2025 நவம்பரில் அந்த ஆட்டத்தில் சேர்க்கப்பட்ட கப்பலோட்டும் திறனைப் பற்றி அவன் உற்சாகமாகப் பேசத் தொடங்கியதும், எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரர். இப்போது செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறார். எனக்கு ரூன்ஸ்கேப்பை முதன்முதலில் அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். சற்று நேரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் அத்தை மகளும் வந்து சேர்ந்தாள். இருபது ஆண்டுகளாக மனத்துக்குள் இருந்த கருத்துகள் அன்று மாலை வெளியே வந்தன. அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது; ஏனென்றால் இந்த ஆட்டத்தைப் பற்றி உலகம் முழுவதும் ஆட்டக்காரர்கள் சொன்ன கருத்துகளில் எங்களைப் போன்றவர்களின் குரல் எங்கும் பதிவாகவில்லை.

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. வாளும் மந்திரமும் டிராகன்களும் நிறைந்த ஒரு கற்பனை நாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உலவும் ஆட்டம் அது. ஜாவா மொழியில் எழுதப்பட்டு உலாவியிலேயே ஓடியதால் குறுந்தட்டு வாங்க வேண்டியதில்லை, கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. எங்கள் ஊர் சிசியில், அதாவது மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காரும் இணைய மையத்தில், இருந்த பழைய கணினிகள் வேறு பெரிய ஆட்டங்களைத் தாங்கமாட்டா; இதைத் தாங்கின. அதோடு, அந்த ஆட்டத்தின் உலகம் 0.6 நொடிக்கு ஒரு முறைதான் நகர்கிறது. நீங்கள் எத்தனை வேகமாகச் சொடுக்கினாலும் அந்தத் துடிப்பு வரும்வரை எதுவும் நடக்காது. இணைய வேகம் உள்ளவர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கோ அதுதான் வாழ்வளித்தது. ஐரோப்பாவில் இருப்பவனும் தோட்டத்துப் பையனும் ஏறத்தாழச் சமமாக நின்றது அந்த மெதுவான துடிப்பினால்தான்.

சிசியில் மணிக்கு 2 வெள்ளி, அதாவது 2 ரிங்கிட். வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. மாதச் சந்தா அப்போது ஏறத்தாழ 5 அமெரிக்க டாலர். கொடுக்க மனம் இருந்திருந்தாலும் எங்கள் வீடுகளில் யாரிடமும் கடன்பற்று அட்டை இல்லை. ஆகவே நாங்கள் எல்லோரும் இலவச ஆட்டக்காரர்கள். லம்பிரிட்ஜில் மாடு அடித்துத் தோல் சேர்ப்பது, கரம்ஜாத் தீவில் லோப்ஸ்டர் பிடிப்பது, வாரொக் நகரத்தில் யூ மரம் வெட்டுவது என்று எங்கள் உலகம் ஒரு வட்டத்துக்குள் அடங்கியிருந்தது.

ஆட்டத்தைப் பற்றி உலகெங்கும் அதிகம் சொல்லப்படும் குறை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது என்பதுதான். கணக்கைப் பார்த்தால் அதில் பொய் இல்லை. மரம் வெட்டுதல், மீன் பிடித்தல் போன்ற ஒரு திறனில் 99ஆம் நிலையை எட்ட 13,034,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அதில் ஏறத்தாழச் சரிபாதி 92ஆம் நிலையில்தான் முடிகிறது; அதாவது 92ஐத் தொட்டவர் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறார். யூ மரத்தை 60ஆம் நிலையில் வெட்டத் தொடங்கலாம், ஒரு கட்டைக்கு 175 புள்ளிகள். அதை மட்டுமே வெட்டி 99க்குப் போக வேண்டுமென்றால் ஏறத்தாழ 73,000 கட்டைகள் வேண்டும். பையில் 28 பொருள்தான் கொள்ளும் என்பதால், கட்டைகளை வங்கியில் சேர்க்க 2,600 முறைக்கு மேல் நடக்க வேண்டும்.

இந்த இடத்தில் அண்ணன் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. சலிப்பு என்று சொல்கிறவர்களைத் தான் குறை சொல்லமாட்டேன் என்றும், ஆனால் தனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்ததே அந்தக் கணக்குதான் என்றும் அவர் சொன்னார். எங்கள் அப்பாக்கள் செம்பனைக் குலையை எண்ணிக் கூலி வாங்கியவர்கள். குலை பழுக்காமல் வெட்டினால் பிடித்தம், உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டால் பிடித்தம், மழை பெய்தால் வேலை நின்று கூலி குறையும். ஆட்டத்தில் அப்படி இல்லை. ஒரு கட்டைக்கு 175 என்றால் என்றைக்கும் 175தான். யாரும் பிடித்துக்கொள்ளமாட்டார்கள், நேற்று வெட்டியது இன்றைக்கும் கணக்கில் இருக்கும். உழைப்புக்கு எழுதி வைத்தபடி கூலி கொடுக்கும் ஓர் இடத்தைத் தான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான் என்று அவர் சொன்னபோது, அதை மறுத்துப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை. என் அப்பா ஒரு நாள் சிசிக்கு என்னைத் தேடி வந்து, பின்னால் நின்று சில நிமிடங்கள் திரையைப் பார்த்துவிட்டு, மரம் வெட்டுகிற பையன் நானா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. ஆமாம் என்றேன். கோடாரியை மாற்றினால் சீக்கிரம் விழுமா என்று கேட்டார். அது சரியான கேள்வி. அந்த ஆட்டத்தில் கோடாரியின் உலோகம் மாறினால் வேகமும் மாறும்.

அத்தை மகளின் கருத்து வேறு. ஆட்டத்தின் சிறப்பு அதைக் கவனிக்காமல் ஆட முடிவதில் இருக்கிறது என்றாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு பக்கம் மீன் பிடிக்க விட்டுவிட்டு மறுபக்கம் பாடம் எழுதியிருக்கிறாள். ஆண்பிள்ளைகள் நிறைந்த சிசியில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, உட்கார விடவும் மாட்டார்கள். அதனால் அவள் ஆட்டத்துக்கு வந்ததே எங்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் பிந்தித்தான். எங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்த காலம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை என்பதை நான் அன்றுதான் யோசித்துப் பார்த்தேன்.

இனி 2007க்கு வருகிறேன். அந்த ஆண்டு டிசம்பரில், வைல்டர்னஸ் என்ற பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கும் வசதி நீக்கப்பட்டது. 2008 ஜனவரித் தொடக்கத்தில், ஒருவர் கொடுப்பதும் மற்றவர் கொடுப்பதும் மதிப்பில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்று ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தார் வணிகத்துக்கும் வரம்பு விதித்தார்கள். காரணம் பொய்யானதல்ல. ஆட்டத்துத் தங்கக் காசுகளை உண்மைப் பணத்துக்கு விற்கும் கும்பல்கள் பெருகிவிட்டன. பாட் எனப்படும் தானியங்கி நிரல்கள் ஆளில்லாமல் மரம் வெட்டின. அந்தக் கும்பல்கள் திருட்டு அட்டைகளைக் கொண்டு சந்தா கட்டின. காசு கைமாறும் வழிகளை அடைத்தால்தான் இதை நிறுத்த முடியும் என்று முடிவெடுத்தார்கள். ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்குள்ளேயே கூட்டம் கூட்டமாக நின்று எதிர்ப்புக் காட்டினார்கள்.

இதில் அண்ணனும் நானும் இன்றுவரை எதிரெதிர் பக்கம். அந்த வரம்பு தேவைதான் என்பது அவர் வாதம். யூ மரத்தடியில் ஒரே மாதிரிப் பெயருடன் பத்துப் பதினைந்து பாட்கள் நின்று, நாம் போய்ச் சேர்வதற்குள் மரத்தைச் சாய்த்துவிடும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிறவனுக்கு அது வயிற்றில் அடிப்பது போல என்றார். அவர் சொல்வதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் சிசியில் நடந்ததை நானும் மறக்கவில்லை. அங்கே எதுவும் ஒருவருடைய பொருளாக இருந்ததில்லை. ஒருவனுக்கு டிராகனைக் கொல்லும் பயணத்துக்கு நாள் வந்துவிட்டது என்றால், ஒருவன் லோப்ஸ்டர் கொடுப்பான், ஒருவன் வாள் கொடுப்பான், லம்பிரிட்ஜ் கோட்டைப் பிரபுவிடம் டிராகனின் நெருப்பைத் தடுக்கும் கேடயத்தைக் கேட்டு வாங்க மறக்காதே என்று இன்னொருவன் நினைவூட்டுவான். கிராண்டோர் தீவில் எல்வார்க் என்ற அந்த டிராகன் விழுந்ததும் நாற்காலிகளைச் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் சேர்ந்து கத்துவார்கள், சிசி முதலாளி சத்தம் போடுவார். வரம்பு வந்த பிறகு, தோற்றுப் போய் வெறுங்கையோடு நின்ற நண்பனுக்கு ஒரு வாளைச் சும்மா கொடுக்க முடியவில்லை. கள்ள வணிகத்துக்கும் தம்பிக்குக் கொடுப்பதற்கும் வேறுபாடு தெரியாத விதி அது. தனியாக ஆடுகிறவருக்கு அந்த விதி பெரிதாக உறுத்தியிருக்காது. சேர்ந்து ஆடிய எங்களுக்கு ஆட்டத்தின் பாதி அன்றே போய்விட்டது. இடைநிலைப் பள்ளியில் படிவம் 4க்குப் போனதும் நான் நிறுத்திவிட்டேன்.

பின்னர் 2010 டிசம்பரிலிருந்து 2011 ஜனவரிவரை ஆட்டக்காரர்களிடமே வாக்குக் கேட்டார்கள். 1.2 மில்லியனுக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன, 91 விழுக்காட்டினர் பழைய முறை வேண்டும் என்றார்கள், பிப்ரவரி 1 அன்று வணிகமும் வைல்டர்னஸும் திரும்பின. பாட்களும் கூடவே திரும்பின என்பதை அண்ணன் விடாமல் சேர்த்துச் சொன்னார், அதுவும் உண்மையே. 2012 நவம்பரில் சண்டை முறையை அடியோடு மாற்றியபோது மேலும் பலர் விலகினார்கள். நாங்கள் யாரும் அப்போது ஆடவில்லை என்பதால் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

2013 பிப்ரவரியில் நடந்ததுதான் எனக்கு வியப்பு. 2007 ஆகஸ்டு மாதத்துப் பிரதி ஒன்று பத்திரமாக இருக்கிறது, அதைத் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். 449,351 வாக்குகள் விழுந்தன, அதே மாதம் 22ஆம் தேதி ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறந்தது. புதிதாகக் கட்டித் தந்த வீடு வேண்டாம் என்று பழைய வீட்டையே மீண்டும் எழுப்பித் தரச் சொல்லும் குடித்தனக்காரர்களை வேறு எந்தத் தொழிலில் பார்க்க முடியும்? எனினும் எல்லோரும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பி வந்தது, சேர்த்த பொருள் வரவில்லை.

அதிலிருந்து புதியவை சேர்க்கப்பட வேண்டுமானால் பெரும்பாலும் வாக்கெடுப்பில் தேற வேண்டும். முதலில் 75 விழுக்காடு வேண்டியிருந்தது, பின்னர் 70 ஆகக் குறைத்தார்கள். கப்பலோட்டத்தை 2015இல் கேட்டபோது அது 75ஐ எட்டவில்லை. 2019இல் வார்டிங் என்ற வேறொரு திறனும் தேறவில்லை. 2023இல்தான் கப்பலோட்டம் தேறியது. இவ்வளவு கட்டுப்பாட்டை ஆட்டக்காரர் கையில் கொடுத்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த வாக்குரிமை சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டுமே உண்டு. சந்தா கட்டுகிறவரிடம் கேட்பது முறைதான் என்று அத்தை மகள் சொன்னாள். அப்படியானால் 2005இலும் 2006இலும் எங்கள் ஊர்ச் சிசியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் கருத்தும் காற்றில் போனதுதானே என்று நான் கேட்டேன். ஆட்டக்காரர்கள் விரும்புகிறார்கள், ஆட்டக்காரர்கள் வெறுக்கிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம், எத்தனை மணி நேரம் கிடைத்த ஆட்டக்காரர், எந்த ஊரில் இருந்து, யாருடைய காசில் ஆடியவர் என்று கேட்கத் தோன்றுகிறது. அது தெரியாமல் வெறும் விழுக்காட்டைப் படிப்பதில் எனக்கு நிறைவில்லை.

என் மருமகன், அதாவது அந்த அக்கா மகன், சந்தா கட்டுகிறான். வேலைக்குப் போகும் அவனுடைய அக்கா அட்டையில் கட்டித் தருகிறாள். வாக்கெடுப்பில் வேண்டும், வேண்டாம் என்பதோடு ஒதுங்கிக்கொள்ளும் தெரிவும் இருக்கிறது என்றும், தான் இன்னும் எட்டாத நிலைகளுக்குரிய கேள்விகளில் ஒதுங்கிக்கொள்வதாகவும் சொன்னான். பதினாறு வயதுப் பையனிடம் அந்த நிதானத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

மண்டபத்துக்கு வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் கைத்தொலைபேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு புதிய கணக்குத் திறந்து தரச் சொன்னார். பயிற்சித் தீவு முடிந்து லம்பிரிட்ஜில் வந்து நின்றதும், அவர் மருமகனிடம் கேட்ட முதல் கேள்வி, நடுவில் இணைப்பு அறுந்து ஆள் செத்துப்போனால் பொருள் என்ன ஆகும் என்பதுதான். அந்தக் காலத்தில் மாலை நேரத்து இடியில் சிசியின் இணைப்பு அறுந்துவிடும். ஆட்டத்துக்குள் நம் ஆள் மட்டும் நின்று அடி வாங்கிச் சாவான். விலை உயர்ந்த மூன்று பொருள்கள் போக மற்றவை தரையில் கிடந்து வேறு யாருக்கோ போய்விடும். அண்ணன் அப்படி இரண்டு முறை ஏறத்தாழ எல்லாவற்றையும் இழந்தவர்.

இப்போது செத்த இடத்தில் கல்லறை நிற்கும், 15 நிமிடத்துக்குள் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று மருமகன் சொன்னான்.

"பதினஞ்சு நிமிசமா?" என்றார் அண்ணன். "அப்பெல்லாம் லைன் திரும்பி வர்றதுக்கே மறுநாள் ஆகும்டா தம்பி." சொல்லிவிட்டு, வெண்கலக் கோடாரியை எடுத்துக்கொண்டு முதல் மரத்தை நோக்கி நடந்தார்.