சத்தம் வராத எழுத்து

"நைட்" என்று சொன்னேன். மகள் என், ஐ, டி, ஈ என்று எழுதினாள்.

நடுவில் ஜி, ஹெச் வரும் என்றேன்.

"சத்தமே வராத எழுத்தை எதுக்குப்பா எழுதணும்?"

அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

அப்புறம் தமிழில் 'கொக்கு' எழுதச் சொன்னேன். முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். வாய் 'க்' என்று தொடங்குகிறது. கையோ அதற்குப் பின்னால் வரும் ஒலியின் பாதியை முன்னாலேயே போட்டுவிடுகிறது. இத்தனை வருடம் எழுதியும் இதை நான் கவனித்ததே இல்லை. ஆறு வயது மூளை இதையும் சமாளிக்கிறது, அந்த ஜி, ஹெச்சையும் சமாளிக்க வேண்டும்.

டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் ஏற்படும் தனிச் சிரமம், உள்ள ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் ஆகியோரின் மூளையை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. வாசிக்கும்போது மூவருக்கும் இடது மூளையில் ஒரே பகுதியில்தான் இயக்கம் குறைவாக இருந்தது. ஆனாலும் இத்தாலியர்கள் மற்ற இருவரையும் விட நன்றாக வாசித்தார்கள். அவர்கள் மொழியில் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம்.

ஆக, சிரமத்தில் ஒரு பங்கு எழுத்துமுறையுடையது. அதையும் சேர்த்துக் குழந்தையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இன்று அந்த 'நைட்'டைச் சிவப்பு மையால் சுழிக்க எனக்கு மனம் வரவில்லை.