தூதுவர் வரும் நாளில் கதவை யாருக்காக மூடுகிறோம்?

மட்டக்களப்புக்கு ஒரு வெளிநாட்டுத் தூதுவரோ ஐக்கிய நாடுகள் சபையின் உயர் அலுவலரோ வருகிறார் என்றால், பிராந்தியச் செய்தியாளருக்குப் பெரும்பாலும் முதல் நாள் இரவில்தான் அழைப்பு வரும். பொன்னாடை, கைகுலுக்கல், நினைவுச்சின்னம் என்று சில நிமிடங்கள் கமராக்கள் உள்ளே இருக்கும். பின்னர் கதவு மூடப்படும். இத்தகைய வருகைகளின் ஊடக ஒழுங்குகளைக் கவனித்தவன் என்ற முறையில், கதவை மூடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் யாருடைய நன்மைக்காக மூடுகிறோம் என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் பேசும் சந்திப்பு மூடப்படத்தான் வேண்டும். 2013 ஆகஸ்ட் இறுதியில் தமது இலங்கைப் பயணத்தை முடித்துக்கொண்ட ஐக்கிய நாடுகள் சபையின் அன்றைய மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் நவநீதம் பிள்ளை, தம்மைச் சந்தித்தவர்களைப் பொலிஸாரும் இராணுவத்தினரும் தேடிச் சென்றதைக் கொழும்பில் பகிரங்கமாகவே கண்டித்தார். திருகோணமலையில் அவருடன் பேசியவர்களிடம், என்ன பேசினீர்கள் என்றே விசாரித்திருந்தார்கள். வந்தவர் விமானம் ஏறிவிடுவார், பேசியவர் இங்கேதான் இருப்பார். எனவே முகம் தெரியும் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடமே சம்மதம் கேட்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு உள்ளூர்ச் செய்தியாளருக்கு மட்டும் உரியதன்று. நம்மவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே தூதரகத்தின் புகைப்படக்காரர் எடுத்த படங்களை இரவில் முகநூலில் போடுவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

நேரத்தையும் இடத்தையும் மறைத்து வைப்பதற்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2007 பெப்ரவரி 27ஆம் திகதி, தூதுவர்களை ஏற்றிவந்த உலங்குவானூர்திகள் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் வந்திறங்கிய வேளையில் விழுந்த எறிகணைகளால் அமெரிக்கத் தூதுவர் ரொபர்ட் பிளேக்கும் இத்தாலியத் தூதுவர் பியோ மரியானியும் காயமடைந்தார்கள். அந்த யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. மறைக்கும் பழக்கம் மட்டும் முடியவில்லை. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே தந்து, வருகை முடியும்வரை வெளியிட வேண்டாம் என்று கேட்டால் போதும். அந்த வாக்கைக் காப்பாற்றாத செய்தியாளர்கள் இங்கு மிகக் குறைவு.

எனக்கு உடன்பாடில்லாதது, அதிகாரிகளின் சங்கடத்தைத் தவிர்ப்பதற்காக மூடப்படும் கதவு. மட்டக்களப்புக் கால்நடைப் பண்ணையாளர்கள் பறிபோவதாக முறையிடும் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை பற்றி உள்ளே பேசப்பட்டிருக்கும். வெளியே வருபவரோ "சுமுகமான கலந்துரையாடல்" என்ற இரண்டு சொற்களோடு வாகனத்தில் ஏறிவிடுவார். பண்ணையாளர்கள் ஒன்று சொல்வார்கள், அரச அலுவலகம் வேறொன்று சொல்லும், தூதரகம் மௌனமாக இருக்கும். கொழும்பில் பக்கங்களை முடிக்கும் நேரம் நெருங்க, செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு பெறும் செய்தியாளர், தொலைபேசியில் யார் அகப்பட்டாரோ அவருடைய கூற்றையே அனுப்புவார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

தாழ்வாரத்திலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்விகளுக்கு இடம் கொடுத்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி ஏற்படாது. கேள்வி தமிழில் வரும் என்பதை எதிர்பார்த்து, மொழிபெயர்ப்பாளரை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். மதிய போசன மண்டபத்துக்கு அவரை முன்கூட்டியே அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பதில் சொல்ல விரும்பாத விடயத்தை, விரும்பவில்லை என்றே தூதுவர் கூறலாம். செய்தியாளருக்கு அதுவும் செய்தியே.

நமது அதிகாரிகள் வெளிநாடு செல்லும்போது நிலைமை இதைவிட மோசம். விமான நிலையப் படம் ஒன்று வரும், மாநாட்டுப் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். யார் அழைத்தது, செலவு யாருடையது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது தீர்மானத்தை எடுக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்பே ஊடகப் பிரிவு அந்த விபரங்களை வெளியிட்டுவிட்டால், விண்ணப்பம் எழுத வேண்டிய வேலையே இராது.