பிபி மாத்திரைய நிறுத்துன 4 வருசமும் என்ற கிட்னியும்

2022 பங்குனில ஈரோட்டுல ஒரு கிட்னி டாக்டர் முன்னாடி போய் உக்காந்தப்ப, அவரு ரிப்போர்ட்டெல்லாம் பாத்து ஓரமா வெச்சுட்டு கேட்ட மொதக் கேள்வி இதுதானுங்க, "பிரசவத்தப்ப உங்களுக்கு பிபி இருந்துச்சாம்மா?" எனக்கு ஒன்னும் புரியல. சின்னவளுக்கு அப்ப 10 வயசு. 10 வருசத்துக்கு முன்னாடி நடந்ததுக்கும் இப்ப கிட்னிக்கும் என்ன சம்பந்தம்னு எங்கூட்டுக்காரரு மூஞ்சிய நான் பாக்கறேன், அவரு என்ற மூஞ்சிய பாக்கறாரு.

இருந்துச்சுங்க. 2012ல சின்னவ வயித்துல இருக்கறப்ப 8ம் மாசம் கையி காலு மூஞ்சியெல்லாம் வீங்கி, மோதரம் கழட்ட முடியாம வெட்டித்தான் எடுத்தோம். தலைவலி தாங்கல, கண்ணுல மின்னல் மாதிரி அடிக்கும். பிபி 170, யூரின்ல புரோட்டீன் போவுதுன்னு சொல்லி அன்னைக்கே ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. 34 வாரம், 1 கிலோ 800 கிராம். அப்பறம் ஒரு மாசத்துல பிபி தானா எறங்கிருச்சு, புள்ளைய தேத்தறதுலயே மனசு எல்லாத்துக்கும் போயி அத்தோட மறந்துட்டோம். கர்ப்பத்துல அப்படி பிபி வந்தவங்களுக்கு பின்னாடி பிபியும் கிட்னி கோளாறும் வர்றதுக்கு மத்தவங்கள விட வாய்ப்பு ஜாஸ்தி, வருசம் ஒருக்கா பிபியும் யூரினும் பாத்துட்டே இருந்திருக்கோணும்னு டாக்டர் சொன்னாரு. எங்ககிட்ட அப்ப யாரும் சொல்லலையா, இல்ல சொன்னது அந்த அவசரத்துல காதுல ஏறலையான்னு இன்னைக்கும் எனக்கு தெரியல.

நான் ஊத்துக்குளி பக்கம். திருப்பூர்ல பனியன் கம்பெனில பவர் டேபிள் டைலரா ஊருப்பட்ட வருசம் ஓட்டியாச்சு. 2018ல கம்பெனில ஒரு மெடிக்கல் கேம்ப் போட்டாங்க, அதுல 160/100 காட்டுச்சு. பக்கத்துல ஒரு டாக்டர் அம்லோடிபின்னு ஒரு பிபி மாத்திரை குடுத்தாங்க, 3 மாசம் போட்டேன், பிபி 130க்கு வந்துருச்சு, ஆனா பொழுதோட ஊட்டுக்கு வர்றப்ப கணுக்காலு வீங்கிக்கும். பிபிதான் நார்மல் ஆயிருச்சே, இந்த மாத்திரைய விடாம போட்டா சாகற வரைக்கும் போடோணும், கிட்னி போயிரும்னு ஒரம்பரைல சொன்னாங்க. நானும் நிறுத்திட்டேன். இத மட்டும் மறுக்கா மறுக்கா சொல்லோணும்னு இருக்குதுங்க: பிபி எறங்குனது மாத்திரை வேலை செஞ்சதால, நோய் போனதால இல்ல. காலு வீங்குனா அந்த மாத்திரைய மாத்தி வேற குடுத்திருப்பாங்க, போய் சொல்லிருந்தா போதும். கிட்னிய கெடுத்தது நான் போடாம விட்ட மாத்திரைதான்.

அந்த 4 வருசத்துல எனக்கு ஒரு தலைசுத்தல் கூட இல்ல. அதான் பயமே. 160, 170ல ஒடம்பு பழகிரும் போல. இன்னொன்னு, ஷிப்மெண்ட் நேரத்துல ஒன்றரை ஷிஃப்ட் உக்காந்தா இடுப்பு கழண்டுரும், மெடிக்கல்ல கேட்டா வலி மாத்திரை குடுப்பாங்க, டைக்ளோஃபினாக்தான், சில மாசம் தினமும் ஒன்னு. பாத்ரூம் போக நேரமில்லைன்னு தண்ணியும் கொறச்சுத்தான் குடிப்பேன். அந்த வலி மாத்திரை பிபியவும் ஏத்தும், கிட்னிக்கு போற ரத்தத்தையும் கொறைக்கும்னு அப்பறம்தான் தெரிஞ்சுது.

மாட்டுனது பல் டாக்டர்கிட்டங்க. கடவாப்பல் புடுங்க போனேன், ஊசி போடறதுக்கு முன்னாடி பிபி பாத்துட்டு 190/110 இருக்குது, இத வெச்சுட்டு பல்ல தொடமாட்டேன்னு திருப்பி தாட்டி விட்டுட்டாங்க. அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். பொது டாக்டர்கிட்ட போனதுல ரத்தத்துல கிரியாட்டினினும் (கிட்னி வெளிய தள்ளற கழிவு, கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறும்), யூரின்ல புரோட்டீன் எவ்வளவு கசியுதுன்னு பாக்கற அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோன்னு ஒரு டெஸ்ட்டும் எழுதி குடுத்தாரு. கிரியாட்டினின் 1.6, அத வெச்சு கணக்கு போட்டா இ-ஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கற அளவு, 41தான். யூரின் ரேஷியோ 30க்கு கீழ இருக்கோணும், எனக்கு 680. யூரின்ல நுரை நிக்கறத 1 வருசமா பாத்துட்டுத்தான் இருந்தேன், பாத்ரூம் கழுவற பவுடர்னால வருதுன்னு நெனச்சுட்டேன்.

ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் 9 சென்டிமீட்டருக்கு கம்மியா சுருங்கி இருந்துச்சு. ஈரோட்டு கிட்னி டாக்டர் அத பாத்துட்டு, இது நேத்து வந்ததில்லைம்மா, பல வருசமா நடந்திருக்குது, போன பகுதி திரும்ப வராது, இருக்கறத காப்பாத்திக்கலாம்னாரு. பிபியால கிட்னி கெட்டுச்சா இல்ல கிட்னி கெட்டதால பிபி வந்துச்சான்னு எங்கூட்டுக்காரரு கேட்டாரு. ரெண்டும்தான், எது மொதல்லன்னு இப்ப பிரிக்க முடியாதுன்னு சொல்லி சித்த நேரம் வெளக்குனாரு. ஒவ்வொரு கிட்னிலயும் சுமாரா 10 லட்சம் பொடி வடிகட்டி இருக்குதாம். ரத்தம் அழுத்தத்தோட போயி மோத மோத அந்த நுண்ணிய கொழாயெல்லாம் தடிச்சு, தழும்பாகி, புரோட்டீன் கசிய ஆரம்பிக்கும். வடிகட்டி கொறைய கொறைய கிட்னி உப்பையும் தண்ணியவும் வெளிய தள்ள முடியாம ஒடம்புலயே நிறுத்திக்கும், ரெனின்னு ஒன்ன சொரந்து ரத்தக் கொழாய இறுக்கி பிபிய இன்னும் ஏத்தும். ஏறுன பிபி மிச்சமிருக்கற வடிகட்டிய அடிக்கும்.

எங்கூட்டுக்காரரு தோட்டத்துல தென்னைக்கு சொட்டுநீர் போட்டிருக்குதுங்க. "சொட்டுநீர்ல ப்ரஷர் ஏறுனா டியூப்பு புடுங்கிக்குது, ஃபில்டர் அடச்சாலும் மீட்டர்ல ப்ரஷர் ஏறுது, அது மாதிரிங்களா சார்"னு கேட்டாரு. கிட்டத்தட்ட அதேதான், ஆனா அந்த ஃபில்டர கழட்டி கழுவிரலாம், இத கழுவ முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி அவரு சாப்புடவே இல்ல.

டெல்மிசார்டன்னு ஒரு பிபி மாத்திரை ஆரம்பிச்சாங்க, இது பிபியோட புரோட்டீன் கசியறதையும் கொறைக்கும். 2 வாரம் கழிச்சு கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாத்துட்டு வரச் சொன்னாங்க. பாத்தா கிரியாட்டினின் 1.8! எனக்கு கை காலு ஆடிப்போச்சு, ஊட்ல எல்லாரும் மாத்திரைய நிறுத்துன்னாங்க. இந்த தடவை நானா நிறுத்தல, நேரா டாக்டர்கிட்டயே போனேன். இந்த மாத்திரை வடிகட்டிக்குள்ள இருக்கற அழுத்தத்தை எறக்கறதால மொதல்ல கொஞ்சம் ஏறும், 30 சதவீதம் வரைக்கும் ஏறுனா மாத்திரைய நிறுத்தாம பாத்துக்கலாம்னாரு. வாந்தி பேதி வந்து தண்ணி எறங்காம கெடந்தா மட்டும் அந்த மாத்திரைய நிறுத்தி வெச்சுட்டு ஒடனே போன் பண்ணச் சொல்லிருக்காரு, ஒரு மாரியம்மன் நோம்பி கழிச்சு அப்படி ஒருக்கா ஆச்சு, 2 நாள் விட்டு மறுக்கா ஆரம்பிச்சோம்.

உப்புதாங்க பெரிய பாடு. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். எங்கூட்ல 4 பேருக்கு 1 கிலோ பாக்கெட் ஒரு மாசம் கூட வராது, கணக்கு போட்டா ஆளுக்கு 8 கிராமுக்கு மேல போவுது, அதுல ஊறுகாய், அப்பளம், டீ டைம்ல பேக்கரி பஃப்ஸ் எதுவும் சேரல. மொத மாசம் அரிசிம்பருப்பு சோறு வாயில வெக்க முடியல. எலுமிச்சை, கொத்தமல்லி, மிளகு, பூண்டு சேத்தி சேத்தி ஒரு 2 மாசத்துல நாக்கு மாறிருச்சு, இப்ப விருந்துக்கு போனா கொழம்பு கரிக்குது. இந்துப்பு நல்லதுன்னு ஒருத்தர் வாங்கிட்டு வந்தாரு, அதுவும் சோடியந்தான். பெரியண்ணன் பாசத்துல லோ சோடியம் உப்பு வாங்கி தாட்டி விட்டிருந்தாரு, நல்லவேளை சமையல்ல போடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டேன். அதுல பொட்டாசியம் இருக்குது, கிட்னி கம்மியா இருக்கறவங்க டெல்மிசார்டன் போட்டுட்டு அத சாப்புட்டா ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும், தொடவே கூடாதுன்னாரு. எனக்கு பொட்டாசியம் 5.1 இருந்ததால, பொட்டாசியம் இருக்கற எளநியும் நிறுத்தியாச்சு. தென்னந்தோப்புக்குள்ள ஊடு, இது கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ஊட்லயே ஒரு பிபி மிஷின் வெச்சிருக்கேன், மேல் கையில சுத்தறது. வெள்ளென எந்திரிச்சு பாத்ரூம் போயிட்டு வந்து, காப்பி குடிக்காம, மாத்திரை போடாம, நாற்காலில சாஞ்சு 5 நிமிசம் பேசாம உக்காந்து, காலு தரைல, கையி மேசை மேல நெஞ்சு மட்டத்துக்கு வெச்சு 2 தடவை. பொழுதோட 2 தடவை. எல்லாம் ஒரு 40 பக்க நோட்டுல எழுதறேன். 130/80க்கு கீழ இருக்கோணும்னு சொல்லிருக்காங்க, பெரும்பாலும் 124, 126ல நிக்குது. எங்க அத்தைக்கு அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாத்திரை ஊட்டுக்கே வருது, அத கொண்டு வர்ற அக்கா வர்றப்ப அவங்க மிஷினையும் என்ற மிஷினையும் ஒப்பிட்டு பாத்துக்குவோம்.

வலி மாத்திரைய அன்னைக்கோட விட்டேன். இடுப்புக்கு பிசியோதெரபி பயிற்சி, இப்ப டைலர் வேலைய விட்டு செக்கிங்ல நிக்கறேன், சம்பளம் கொறைவுதான். கடைசியா 2024 ஆடில பாத்தது கிரியாட்டினின் 1.6, யூரின் ரேஷியோ 140. 680ல இருந்து 140க்கு வந்ததுக்கு டாக்டரே சந்தோசப்பட்டாரு.

எங்க செக்கிங் டேபிள்ல ஒரு புள்ள, 24 வயசு, போன தையில 8ம் மாசத்துலயே பிபி ஏறி ஆபரேசன் பண்ணி கொழந்தை எடுத்தாங்க. வேலைக்கு திரும்ப வந்தப்ப கேட்டேன், யூரின் டெஸ்ட் பாத்தியா கண்ணுன்னு. இல்லக்கா, பிபிதான் நார்மலா இருக்குதேன்னா. அடுத்த ஞாயித்துக்கெழமை நானே கூட்டிட்டு போனேன், பிபி 138/88, யூரின் ரேஷியோ 52. கொஞ்சந்தான் கூட, 3 மாசம் கழிச்சு மறுக்கா பாக்கச் சொல்லிருக்காங்க. தேதிய அவ நோட்டுலயும் எழுதிருக்குது, என்ற நோட்டுலயும் எழுதிருக்குது.