மாமியாரின் நேர்த்திக்கடனும் பேர் லவாலும்

பேத்தி பள்ளிக் கடைசிப் பரீட்சையான எச்.எஸ்.சி. பாஸானால் கல்லறைக்கு நடந்தே வந்து கும்பிடுகிறேன் என்று, எப்போதோ இறந்துபோன பாதிரியார் பேர் லவாலிடம் ('பேர்' என்றால் பிரெஞ்சில் ஃபாதர்) மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். பாஸானவள் வீட்டில் தூங்க, மூட்டுவலியோடு அவரும் துணைக்கு நானும் செப்டம்பர் 8 ராத்திரி ரோஸ்ஹில்லிலிருந்து கிளம்பினோம். காவடி எடுக்கிற குடும்பம் பாதிரியார் கல்லறைக்கு நேர்ந்துகொள்ளலாமா என்றெல்லாம் மொரிஷியஸில் யாரும் கேட்பதில்லை.

போர்ட் லூயியை நெருங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. மாமியார் குடைக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். அதைக்கூடப் பொறுக்கலாம், கல்லறை இருக்கிற சேந்த் குருவாவில் மெழுகுவத்தி விற்பவர்களைத்தான் தாங்க முடியவில்லை. "இது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்" என்று ஒருவன் கூசாமல் புளுகினான்.

வரிசை நகரவே இல்லை. பிரான்சில் மருத்துவராக இருந்து பாதிரியாரானவர் லவால். 1841இல் அவர் இங்கே வந்திறங்கியபோது, அடிமைகளாக இருந்தவர்கள் முழு விடுதலை பெற்று இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. நிலமும் இல்லை, எழுத்தும் இல்லை. லவால் அவர்களுடைய கிரியோல் மொழியைக் கற்றுக்கொண்டு, வேலை முடிந்து வருபவர்களுக்குச் சாயங்காலங்களில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். முதலாளிமார் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவரிடம் படித்தவர்களே அப்புறம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், ஊர் ஊராகச் சிறு தேவாலயங்களும் எழும்பின. 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். 1979இல் போப் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தார். மாமியாருக்கு இதெல்லாம் தேவையில்லை. "இல்லாதவங்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த சாமி", அவ்வளவுதான்.

கல்லறை முன்னால் வந்ததும் மாமியார் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பேத்தியின் சர்டிஃபிகேட் ஜெராக்ஸ். அதைக் கல்லறைமேல் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கிரியோலில் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு பாடமாக, ஒவ்வொரு கிரேடாக. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். அந்தத் தாளை அவரால் வாசிக்க முடியாது, மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "அவான்ஸே, அவான்ஸே" என்று விரட்டிக்கொண்டிருந்த தொண்டர் தாளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, பின்னால் நெருக்கியவர்களைக் கையை விரித்து நிறுத்தினார். மாமியார் நிதானமாக முடித்து, கடைசியில் "முருகா" என்றார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. ஐயா, உமக்கு என்ன கைம்மாறு செய்வோம்! இந்த வீட்டில் ஒரு பெண் படித்துவிட்டாள், அது போதும்.

வெளியே வந்ததும் பஸ் பிடிக்கப் பார்த்தேன். மாமியார் விடவில்லை. "கைலாசன் கோயில் இங்கதானே இருக்கு, அம்மன்கிட்டயும் சொல்லிட்டுப் போயிடுவோம். இல்லேன்னா கோவிச்சுக்குவா."

கைப்பையில் இன்னொரு ஜெராக்ஸ் இருந்தது.