ஓட ஓடச் சூடேறிய இன்ஜினும் ஒரு சிறிய வால்வும்

காலிச் சாலையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோதே வெப்பநிலை முள் மேலே ஏறியது. கோளாறு எங்கே என்று தேட இந்த ஒரு செய்தியே பெரிய துணை. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வேகமெடுத்ததும் தணிந்தால் முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். ஓடும்போதும் சூடேறினால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது அதன் ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம்.

வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். வீட்டுக்கு இழுத்து வந்த பிறகும் அன்று மூடியைத் தொடவில்லை. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டு, கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும். இதில் அவசரமே கூடாது.

மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவு சரியாகவே இருந்தது. எங்கும் ஒழுகல் இல்லை. அடுத்து டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலைப் பார்த்தேன். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் இன்ஜினுக்குள் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. ஆயில் சுத்தமாக இருந்தது. புகைக்குழாயிலும் வெண்புகை இல்லை.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு முள்ளைக் கவனித்தேன். அது வழக்கமான அளவைத் தாண்டியதும் அணைத்துவிட்டு ரேடியேட்டரின் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தேன். மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு; கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தது. அதாவது கூலன்ட் ரேடியேட்டர் வழியாகச் சுற்றவே இல்லை. ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் வாட்டர் பம்ப் பழுதானாலும் இப்படி ஆகலாம் என்றாலும், என் சந்தேகம் தெர்மோஸ்டாட் மீதுதான்; இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டர் வழியாக ஓடவிடும் சிறிய வால்வு அது. கழற்றுவதற்கும் அதுவே எளிது.

இன்ஜின் மறுபடி ஆறியதும் கூலன்ட்டை வடித்து, தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்தேன். திறக்க வேண்டிய வெப்பநிலை அதன் மேலேயே பொறித்திருந்தது: 82 டிகிரி. பாத்திரத்து நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். நீர் தளதளவென்று கொதித்தும் வால்வு அசையவில்லை. புதிதாக வாங்கியதையும் பொருத்தும் முன் அதே நீரில் சோதித்தேன்; அழகாகத் திறந்து, எடுத்து ஆறவிட்டதும் மூடிக்கொண்டது. இந்தச் சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம். பழைய கேஸ்கெட் துணுக்குகளைச் சுரண்டித் துடைத்துவிட்டு, காற்று வெளியேறும் சிறு துளை மேல்பக்கம் வரும்படி பொருத்தினேன்.

பொறுமை தேவைப்படுவது இதன் பிறகுதான். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சம அளவு கலந்து நிரப்பினேன். குழாய் நீரில் உள்ள உப்புகள் உள்ளே படிந்துவிடும். ஆனால் நிரப்பியதும் வேலை முடிவதில்லை. உள்ளே சிக்கிய காற்று வெளியேறாவிட்டால் புது தெர்மோஸ்டாட் போட்டும் வண்டி சூடேறும். ஆறிய நிலையிலேயே மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழு அளவில் திருப்பி இன்ஜினை ஓடவிட்டேன். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அளவு இறங்க இறங்க ஊற்றினேன். முதலில் ஹீட்டரில் வந்தது குளிர்காற்று. அது சூடாக மாறி, குமிழிகள் அடங்கி, கீழ் ஹோஸும் சுட்ட பிறகே மூடியைப் பூட்டினேன். அடுத்த நாள் ஆறிய இன்ஜினில் சிறிது குறைந்திருந்ததை நிரப்பினேன். நீண்ட ஓட்டத்திலும் இப்போது முள் நடுவிலேயே நிற்கிறது.

வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். சிறிதளவே உயிரைப் பறிக்கும். நான் மூடியுள்ள கேனில் ஊற்றி, கழிவு ஆயில் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்தேன்.